ரஷீதா பெயரில் இருந்த மரம்

ரஷீதாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் நாக்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வாயாடி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் இருவரில் வாய் நீளம் எனக்குத்தான். தாராவியில் எங்கள் சந்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்வது அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய வாப்பா தினமும் நீட்டச் சொல்லிப் பார்த்த நாக்கை.

கடையநல்லூருக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊர். வீட்டுக்குப் பின்னால் ஒரு நாவல் மரம். ஆனி, ஆடி இரண்டு மாதமும் காய்த்துக் கொட்டுமாம். வாப்பா அந்தப் பழத்தை ஓலைப்பெட்டியில் கட்டிச் சந்தைக்கு அனுப்புவார். விடிகிறதற்கு முன்னால் எழுந்து மரத்தடியைக் கூட்டிப் பழைய சாக்குகளை விரித்து வைப்பது ரஷீதாவும் அவள் உம்மாவும். அண்ணன் அப்துல் வாஹித் மேலே ஏறிக் கிளையை உலுக்குவான். உலுக்குகிற சாக்கில் உச்சியில் உட்கார்ந்து பெரிய பெரிய பழமாகப் பார்த்துத் தின்பான். கீழே விழுந்ததைப் பொறுக்கி, நசுங்கினதை ஒதுக்கி, நல்லதைப் பெட்டியில் அடுக்குவது இவள் வேலை. வண்டி கிளம்பியதும் வாப்பா கூப்பிடுவார். "நாக்க நீட்டு."

நாக்கு ஊதாவாக இருந்தால் முதுகில் ஒன்று விழும். அண்ணன் நாக்கை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. மரம் ஏறுகிறவன் தின்னத்தான் செய்வான் என்பது அவர் நியாயம். இவள் திருட்டுத்தனமாக ஒன்றிரண்டு வாயில் போட்டுவிட்டு, புளியை வைத்து நாக்கைத் தேய் தேய் என்று தேய்ப்பாளாம். சில நாள் ரத்தம் வந்துவிடும். அப்படியும் கறை போகாது. நாவல் கறை லேசில் போகிற கறையா?

பதின்மூன்று வயதில் பெரியமனுஷி ஆனாள். அதோடு பகலில் பின்கட்டுக்குப் போகக் கூடாது என்று ஆயிற்று. பதினேழில் நாகூர் கனியைக் கட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தாள்.

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் சந்தில் ஊர்க்கதை பேசினாலே ஆண்பிள்ளைகளுக்குக் கண் சொருகிவிடும். கிணற்றில் குதித்தது, மாங்காய் அடித்தது என்று ஆரம்பித்தால் முடிக்க மாட்டார்கள். அந்த மாங்காயை யார் பொறுக்கினது, அந்த ஈரத் துணியை யார் துவைத்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நான் கோகிலவாணி. திருச்செந்தூர்ப் பக்கம், பனையேறி வீட்டுப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. நாகூர் கனியின் தோல்பை பட்டறையில் உள்துணி தைப்பவள். பட்டறை கீழே, அவர்கள் குடியிருந்த ரூம் அதன் மேலே. இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். ரஷீதாவும் நானும் ஒரே வயது. அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழில் பெயர் எழுதுவாள், அவ்வளவுதான். நான் பத்தாவது பாஸ். ஊரிலிருந்து யாருக்கு நோட்டீஸ் வந்தாலும், பத்திரிகை வந்தாலும், என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பேருந்துப் பலகை படித்துப் படித்து மராத்தியும் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். அதைக் கடைசியில் சொல்வதைவிட இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ரஷீதாவின் வாப்பா மௌத்தானார். நாற்பது நாள் கழிந்ததும் அப்துல் வாஹித் தாராவிக்கு வந்தார். கையில் ஒரு டைப் அடித்த காகிதமும் அல்வாப் பொட்டலமும். அந்தப் பொட்டலத்தைப் பார்த்தபோதே எனக்குப் புத்தி வேலை செய்திருக்க வேண்டும்.

காகிதம் விடுதலைப் பத்திரத்தின் நகல். வாப்பா சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம், எல்லாவற்றையும் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று தங்கச்சி எழுதிக் கொடுக்கிற பத்திரம். அவர்கள் மார்க்கத்தில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு உண்டு. எங்களுக்குச் சட்டத்தில் சரிபாதியே உண்டு. இரண்டும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பங்கு கேட்டு வாங்கின பெண் அதோடு பிறந்த வீட்டை மறந்துவிட வேண்டும். நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டார்கள். அதற்குப் பயந்தே எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அடுத்தவளைச் சொல்வானேன், நானும் ஒரு பட்டுச்சேலையை வாங்கிக்கொண்டு போட்டவள்தான்.

அன்றைக்கு ரூமில் அப்துல் வாஹித், ரஷீதா, அவள் புருஷன், நான். காகிதத்தை நான் படித்து முடித்ததும் ரஷீதா சொன்னாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் காக்கா. பின்னால நிக்கிற நாவமரத்த மட்டும் என் பேருக்கு எழுதுங்க."

நாகூர் கனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இங்கன மாதுங்காவுல கூறுகட்டி விக்கான். மரத்துக்குப் போயி பத்திரமா?" என்றார்.

"அது அவன் மரத்துப் பழம். நான் கேக்கது என் மரத்த" என்றாள் ரஷீதா. அவள் புருஷனுக்கு எதிராக அவ்வளவு வெடுக்கென்று பேசி நான் பார்த்ததில்லை.

அப்துல் வாஹித் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. வீட்டையும் வயலையும் கேட்பாளோ என்று பயந்து வந்த மனுஷன், மரத்தோடு போயிற்றே என்று உடனே சரி என்றார். மாதுங்காவில் தமிழில் அடித்துக் கொடுக்கிற கடைக்குப் போய் மறுநாளே ஒரு பக்கத்தை மாற்றிக்கொண்டு வந்தார். அதையும் நானே படித்தேன், சபையில் புலவர் படிப்பதுபோலக் குரலை ஏற்றி. "மேற்படி நாவல் மரம் உள்ளவரை அதன் பலனை ரஷீதா பீவி ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மரம் நிற்கும் மண்ணில் அவருக்கு யாதொரு பாத்தியமும் இல்லை."

"ஏளா, சரியா இருக்கா?" என்று ரஷீதா கேட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கு. நாவமரம் நூறு வருசம் நிக்கும். நீயும் நானும் மண்ணுக்குள்ள போன பொறவும் நிக்கும். போடுளா கையெழுத்த" என்றேன்.

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க ஏறின பனையெல்லாம் அடுத்தவர் மண்ணில் நின்றவைதான். மரம் ஒருத்தருக்கு, மண் ஒருத்தருக்கு என்பது எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். எந்த மண்காரனும் ஏறுகிறவன் பிழைப்பில் கை வைத்ததில்லை. அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன். ரஷீதா அண்ணனோடு ஊருக்குப் போய் பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த ஒன்பது வருஷமும் ஆனி மாதம் பிறந்தால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. நாகர்கோவில் வண்டியில் ஏறிவிடுவாள். அண்ணன் வீட்டு முன்வாசலில் நின்று கூப்பிட மாட்டாளாம். நேரே பின்பக்கப் படலைத் திறந்துகொண்டு மரத்தடிக்குப் போய் உட்காருவாளாம். மதினி ஹபீபா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் டீ கொண்டுவருவாளாம். பழத்தைத் தின்று முடித்ததும் அவர்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் போய் நாக்கை நீட்டிப் பார்ப்பாளாம், நாற்பது தாண்டின பொம்பளை. "ஊதாவா இருந்துச்சு கோகிலம். யாரும் ஒண்ணும் கேக்கல" என்பாள்.

திரும்பி வரும்போது இரண்டு ஓலைப்பெட்டி நிறையப் பழம் வரும். பாதி ரயிலிலேயே நசுங்கியிருக்கும். மீதியைச் சந்து முழுக்கக் கொடுப்பாள். உண்மையைச் சொன்னால், இங்கே ஜாமுன் என்று உப்புப் போட்டு விற்கிற நாவல்தான் பெரிசு, இனிப்பும் கூட. அவள் மரத்துப் பழம் சிறிசு, தொண்டையைப் பிடிக்கும். "உங்க காக்கா மனசு மாதிரியே இருக்குளா பழமும்" என்று நான் சொன்னால் முறைப்பாள். ஆனாலும் எல்லோரும் தின்போம். அவள் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாகூர் கனி போய்ச் சேர்ந்தார். காலையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர், மத்தியானம் இல்லை. பட்டறையை மகன் அல்தாப் பார்த்துக்கொண்டான். மகள் சாயிமா அதற்கு முன்பே கல்யாணமாகி ஐரோலிக்குப் போய்விட்டாள். புருஷன் போனதும் ரஷீதாவின் காகிதங்களையெல்லாம் நான்தான் எடுத்து அடுக்கினேன். ரூம் அவர் பெயரில். மிஷின்கள் அவர் பெயரில். காஸ் இணைப்புகூட அவர் பெயரில். ரஷீதாவின் பெயரில் இந்த உலகத்தில் இருந்தது அந்த நாவல் மரம் ஒன்றுதான். நான் அதைச் சொன்னபோது, "போதும்ளா. ஒண்ணாவது இருக்குல்லா" என்றாள்.

இந்த வருஷம் ஆனியில் எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு நானும் போக வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒன்றாகவே கிளம்பினோம். உன் மரத்தை நானும் பார்க்கிறேன் என்று முதலில் அவள் ஊருக்கே போனேன்.

படல் இல்லை. அந்த இடத்தில் ஆளுயரச் சுவரும் பச்சை பெயிண்ட் அடித்த இரும்புக் கேட்டும். கேட் பூட்டியிருந்தது. முன்வாசலில் போய் நின்று கூப்பிட்டோம். அப்துல் வாஹித் வந்து திறந்தார். பின்கட்டு முழுவதும் சிமென்ட் தளம். ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் பக்கத்தில், சிமென்ட் போடாமல் விட்ட ஒரு வட்டத்தில், முழங்கால் உயரத்துக்கு மரத்தின் அடிக்கட்டை.

ரஷீதா அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். கையில் இரண்டு காலி ஓலைப்பெட்டி.

"மாசியில ஒரு காத்து அடிச்சிது. சாஞ்சிருச்சும்மா" என்றார் அண்ணன்.

நான் கட்டையைப் பார்த்தேன். தட்டுப்போல் மட்டமாக இருந்தது. "உங்க ஊருக் காத்து ரம்பம்லாம் கொண்டுவருமோ?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஹபீபாதான் பேசினாள். "என்ன செய்ய மதினி, பையன் கார் வாங்கிட்டான். வவ்வாலு எச்சமும் பழமுமா மேல விழுது. கறை போவ மாட்டேங்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே காக்கா" என்றாள் ரஷீதா.

"சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னுதான். இங்க பாரு, நான் ஒன்ன ஏமாத்தல. மரம் இருக்கிறவரைக்கும்னுதான் பத்திரம் சொல்லுது. மரம் இருந்தவரைக்கும் நீ வந்து எடுத்த, நான் ஒரு சொல்லு சொன்னனா? வேணும்னா ஒங்க கோகிலத்தையே இன்னொருக்கப் படிச்சிக் காட்டச் சொல்லு. அன்னைக்கு அவுகதானே படிச்சாவ."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த வரியை நானே படித்து, நானே சரி என்று சொல்லி, நானே கையெழுத்தும் போடச் சொன்னேன். மரத்தின் ஆயுசைக் கணக்குப் பார்த்தேனே தவிர, வெட்டுகிறவன் கையை நினைத்துப் பார்க்கவில்லை. மண்காரன் பனையில் கை வைக்காததற்குக் காரணம் தர்மம் என்று நினைத்திருந்தேன். ஏறுகிறவன் பாதிப் பதநீரை அவன் வீட்டில் கொண்டுபோய் ஊற்றினான் என்பதுதான் காரணம். ரஷீதா அண்ணனுக்கு என்ன ஊற்றினாள்?

ஆனாலும் நான் விடவில்லை. குனிந்து பார்த்தபோது கட்டையின் ஓரத்தில், பட்டைக்கு உள்ளிருந்து ஏழெட்டுத் துளிர் வந்திருந்தது. இளஞ்சிவப்பாக, விரல் நீளத்துக்கு. "பட்டுப் போகல. துளிர்த்திருக்கு பாருங்க. மரம் இன்னும் இருக்கு. அப்பம் பத்திரமும் இருக்கு" என்றேன்.

அப்துல் வாஹித் சிரித்தார். "நீங்க வக்கீல் ஆயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ரஷீதா கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரைக் கட்டையைச் சுற்றி ஊற்றினாள். அன்றைக்கு அங்கேயே தங்கினோம். நல்ல சோறு போட்டார்கள், கறி எடுத்திருந்தார்கள். அந்தக் குறை சொல்ல மாட்டேன்.

காலையில் எழுந்து பின்கட்டுக்குப் போனால் ஒரு துளிர்கூட இல்லை. கட்டையைச் சுற்றி மண்ணெண்ணெய் வாடை.

"ஆடு மேஞ்சிருக்கும்" என்றார் அப்துல் வாஹித். அந்த வீட்டில் ஆடு கிடையாது. கேட் பூட்டித்தான் இருந்தது. அந்த மனுஷனை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். ரஷீதா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வாரேன் காக்கா" என்றாள்.

"எப்ப வேணும்னாலும் வா. இது ஒன் வீடுல்லா" என்றார் அவர். அதையும் மனதாரத்தான் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டவன் என்று திட்டிவிட்டுப் போகக்கூட வழி வைக்காத மனுஷன்.

பஸ்ஸில்தான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. "மரம் போனதுக்கு அழல கோகிலம். இத்தன நாளும் நான் அங்கன பாத்தியப்பட்டவளா போனேன். இனிமே விருந்தாளி. வாசல்ல நின்னு கூப்பிட்டு, அவுக தொறந்தாத்தான் உள்ள போவணும்."

"என்ன மன்னிச்சிருளா. அந்தப் பாவி வரிய நான்தானே படிச்சேன்" என்றேன்.

"நீ என்ன செய்வ? எழுதியிருந்ததத்தானே படிச்ச" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். கன்னத்தில் அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் கொடைக்குப் போனேன். அவள் அன்றைக்கே வண்டி ஏறிவிட்டாள்.

நான் தாராவி திரும்பியபோது எங்கள் சந்தில் வேறு பரபரப்பு. இடித்துக் கட்டப் போகிறார்கள், வீடு வீடாக ஸர்வேக்கு வருகிறார்கள் என்று ஒரே பேச்சு. செத்துப்போனவர் பெயரில் ரூம் இருந்தால் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றி வைக்க வேண்டும், மற்ற வாரிசுகள் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அல்தாபுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயிமாவை ஐரோலியிலிருந்து வரச் சொன்னான். ரஷீதா ஏணியில் இறங்கி வந்து என்னையும் கூப்பிட்டாள்.

அல்தாபைக் குறை சொல்ல எனக்கு மனது வராது. வாப்பா போனபின் பட்டறையைத் தூக்கி நிறுத்தினவன். உம்மாவுக்கு ஒரு வேளை மருந்து தவறவிட மாட்டான். அன்றைக்கும் தங்கச்சி வருகிறாள் என்று பிரியாணிக்குக் கறி வாங்கி வைத்திருந்தான். மராத்தியில் டைப் அடித்த காகிதத்தைப் பாயில் வைத்தான். "ஒரு பேருதான் போட முடியுமாம் சாயிமா. நீயும் உம்மாவும் கையெழுத்துப் போட்டா நாளைக்கே குடுத்துருவேன்."

சாயிமா படிக்கவே இல்லை. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டாள்.

"போடாத" என்றாள் ரஷீதா.

மூன்று பேரும் அவளைப் பார்த்தோம்.

"போடாத சாயிமா. ஒங்க வாப்பா ரூமுல ஒனக்கும் பங்கு இருக்கு. எவ்வளவு சின்னதா இருந்தாலும் அத வச்சுக்க. விட்டுக் குடுத்துராத."

"உம்மா, என்ன பேசுறீங்க?" என்றான் அல்தாப். அவன் முகம் சுருங்கிவிட்டது. "நான் இவளுக்குச் செய்யாம விட்டுருவேனா?"

"நீ செய்வ வாப்பா. நான் ஒன்னச் சொல்லல."

"வேற யாரச் சொல்றீங்க?" சாயிமாவுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. "மாமா உங்களுக்குப் பண்ணினதுக்கு அல்தாப் பாய் மேல பழி போடுவீங்களா? நான் சொன்னா பட்டறையப் பாதி நாள் பூட்டிட்டு என் ஆபீசுக்கு வந்து நிக்கிறவன் இவன். இந்த ஒரு ரூமுக்காக எங்க ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கப் பாக்குறீங்க. பெத்த உம்மா செய்யிற வேலையா இது?"

சாயிமா காகிதத்தை முழங்காலில் வைத்து, அடிக்கோடு இருந்த இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில் விறுவிறு என்று கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அண்ணன் தோளில் சாய்ந்து அழுதாள். அல்தாப் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்துல் வாஹிதும் இப்படி ஒரு நாள் தங்கச்சி தலையைத் தடவியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு காகிதம் ரஷீதா பக்கம் வந்தது. "காய்கோ டென்ஷன் உம்மா? எதுக்குக் கவலப்படுறீங்க? நீங்க எங்க போகப் போறீங்க? என்கூடத்தானே இருக்கப் போறீங்க" என்று அல்தாப் மெதுவாகச் சொன்னான்.

அவள் காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "படிளா" என்றாள்.

நான் குரலை ஏற்றவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னேன். ரூம் நம்பர், பட்டறையின் நீள அகலம், நாகூர் கனியின் பெயர், அல்தாபின் பெயர், விட்டுக்கொடுக்கிற மகளின் பெயர் என்று கடைசி வரி வரைக்கும் வந்தேன். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பிள்ளைகள் இருவரும் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டும் என்று நிமிர்ந்து அவளிடம் சொன்னேன். "இந்த ரூம்ல ஒனக்கு இருக்க எடமுண்டுன்னு இதுல எங்கயும் எழுதலளா. கையெழுத்துப் போடுத எடத்துல மட்டுந்தான் ஒன் பேரு இருக்கு."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, மகளிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள்.